எரிவது வேறு, மணப்பது வேறு

“வெங்காயம்,” என்றேன், தட்டு என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பதற்கு முன்பே.

“பாத்தியளா, மைனி டக்குனு சொல்லிட்டாவ,” என்றாள் ஜெபா. என் தம்பி பெண்டாட்டி. என்னை அழைத்துக்கொண்டு போவதற்காக மதுரையிலிருந்து வந்தவளுக்கு நான் சரியாகச் சொன்னதில் இத்தனை சந்தோஷம் எதற்கு என்று தெரியவில்லை.  என் தம்பி செல்வின் உட்கார்ந்திருந்த பிரம்பு நாற்காலி மட்டும் லேசாக முனகியது.

கண்ணைக் கட்டியிருந்த துவாலைக்குள் தண்ணீர் ஊறியது. வெங்காயம் மணந்ததால் அல்ல. மணம் என்று எதுவும் என் மூக்குக்குள் நடக்கவில்லை. எரிந்தது, அவ்வளவுதான். எரிவது வேறு, மணப்பது வேறு, இரண்டுக்கும் தனித்தனி நரம்பு என்று அந்தக் காது மூக்கு தொண்டை டாக்டர் மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். மூக்கின் மேற்கூரையில் தபால்தலை அளவுக்கு ஓர் இடம், அதில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள், காற்றில் வருகிற துகள் அதில் ஒட்டினால் மூளைக்குச் செய்தி போகும், உங்களுக்கு அந்த இடம் காய்ச்சலில் போய்விட்டது அம்மா. ஆனால் எரிச்சலையும் குளிர்ச்சியையும் பிடிக்கிறது முகத்து நரம்பு, அது நன்றாக இருக்கிறது. படமே வேண்டியிருக்கவில்லை எனக்கு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆயுசைக் கழித்தவளிடம் ஒரு லைன் செத்துவிட்டது, இன்னொன்று உயிரோடு இருக்கிறது என்று சொன்னால் போதும். நேரே கிடைக்காத ஊரை வேறொரு ஊர் ஆபரேட்டரைப் பிடித்து, அவளைக் கெஞ்சி, அவள் வழியாகச் சுற்றிக் கொண்டுவருவோம். தூத்துக்குடி கிடைக்கவில்லை என்றால் கோவில்பட்டி வழியாக. பேசுகிறவர்களுக்குத் தங்கள் குரல் எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது என்று தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. செல்வினுக்கும் தெரியவேண்டியதில்லை. வெங்காயம் கண் வழியாக வந்தது. வந்துவிட்டது அல்லவா.

“அடுத்தது எடு,” என்றான் செல்வின்.

ஜெபா சமையலறைக்குப் போகிறாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறாள், கொலுசு ஒன்று மட்டும் சத்தமாக. போன வாரம் இதே நேரத்தில் நான் இந்த மேஜையில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். அடுப்பைத் துடைக்கும்போது துணி பட்டு ஒரு குமிழ் திரும்பியிருக்கிறது. கொல்லைப்பக்கமிருந்து அடுத்த வீட்டு இசக்கியம்மா கத்திக்கொண்டே ஓடிவந்தாள், ஏ அக்கா, ஏ அக்கா, கேஸ் அப்படி நாறுது, உனக்குத் தெரியலையா என்று. நான் பேப்பரை மடித்தேன். மடித்த மாதிரி ஞாபகம். அவளே போய்க் குமிழை மூடி, ஜன்னலைத் திறந்து, சேலைத் தலைப்பால் காற்றை விரட்டினாள். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். அங்கே எதுவும் இல்லை. எப்போதும் போல சமையலறை, துடைத்த அடுப்பு, கவிழ்த்த பாத்திரங்கள், வெயில். என்னைக் கொல்லக்கூடிய ஒன்று அந்த வெயிலில் நின்றுகொண்டிருந்தது, நான் அதைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தேன், எங்கள் இரண்டு பேருக்கும் அறிமுகம் இல்லை. இசக்கியம்மா நல்லவள். நல்லவர்கள்தான் போன் செய்வார்கள். அன்றைக்கு ராத்திரியே செல்வினுக்குச் செய்தி போயிற்று. காய்ச்சலுக்குப் பிறகு மூக்கு திரும்பிவிட்டது என்று அவனிடம் நான் சொல்லியிருந்தேன். ஆமாம், சொன்னேன். எல்லாம் சரியாப் போச்சு செல்வின், கருவாடு வறுத்தா தெருமுனையிலயே தெரியுது என்று சொன்னேன். இன்று ஆராதனை முடிந்து நான் வீட்டுக்கு வரும்போது வாசலில் அவன் கார் நின்றது. பின்சீட்டில் பெரிய பைகள், காலியாக, மடித்து வைத்திருந்தன. அந்தக் காலிப் பைகளைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. என் உடம்பில் எந்த இடத்திலிருந்து வந்தது என்று கேட்டால் சொல்வேன், காதுக்குப் பின்னாலிருந்து, சூடாக. “கண்ணைக் கட்டி எதை வச்சாலும் சொல்லிட்டன்னா நீ இங்கயே இரு. நான் வாயைத் திறக்க மாட்டேன். இல்லன்னா இன்னைக்கே கெளம்பணும்க்கா,” என்றான். “கண்ணைக் கட்டுல,” என்றேன்.

ஏதோ கண்ணாடி. தக்கை திருகும் சத்தம். உள்ளே மூச்சை இழுக்கிறேன், சின்ன ஊசிகள் மூக்குத் தண்டில் நடக்கின்றன, நாக்கின் ஓரங்கள் தாமாகவே ஊறுகின்றன. கேக்குக்கு ஊற்றுகிற வினிகர். சொல்கிறேன். அடுத்தது விரல் நுனியில் எதையோ தொட்டுக் கொண்டுவருகிறாள், நெருங்கும்போதே மூக்கு விரிந்து குளிர்கிறது, டிசம்பர் காலையில் கதவைத் திறந்த மாதிரி. தலைவலித் தைலம். சொல்கிறேன். குளிர் இல்லாத குளிர். அந்தத் தைலம் சூடாகவும் இல்லை, சில்லென்றும் இல்லை, அறையின் வெப்பத்தில்தான் இருக்கிறது, ஆனால் தோலில் குளிரைப் பார்க்கிற காவல்காரனை அது தொட்டு எழுப்பிவிடுகிறது, அவன் குளிர் குளிர் என்று கத்துகிறான். மிளகாயும் அப்படித்தானாம், சூட்டின் காவல்காரனை எழுப்புமாம். அப்படியானால் உடம்பும் பொய் சொல்கிறது. நான் மட்டும் ஏன் சொல்லக்கூடாது. பாவம், ஜெபா. பலமான மணம் எது எது என்று யோசித்து யோசித்து எடுக்கிறாள், எடுப்பதெல்லாம் எரிவதாகவும் குளிர்வதாகவும் இருக்கிறது. நல்ல மூக்கு இருக்கிறவளுக்கு இரண்டும் ஒன்றாக வந்து சேர்வதால் இரண்டு என்றே தெரியாது. இல்லாதவளுக்குத்தான் தெரியும் அது எத்தனை பேர் சேர்ந்து செய்கிற வேலை என்று.

முழங்கை மேஜையின் இரும்பு விளிம்பில் சில்லென்று இருக்கிறது. கொஞ்சம் தள்ளிப் பலகையில் வைத்தால் அப்படி இல்லை. இரண்டும் ஒரே அறையில், ஒரே காற்றில், விடியற்காலையிலிருந்து இருக்கின்றன, இரண்டின் சூடும் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். இரும்பு என்னிடமிருந்து சூட்டை வேகமாக எடுத்துக்கொள்கிறது, மரம் எடுப்பதில்லை. தோலுக்கு வெளியே இருக்கிற சூடு தெரியாது, தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போவதுதான் தெரியும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, இப்படிக் கண்ணைக் கட்டி உட்காரவைத்தால் யாருக்கும் தெரிந்துவிடும். மதுரை வீடும் இரும்புதான். காய்ச்சலில் என்னை அங்கேதான் வைத்திருந்தார்கள். மாடிப்படிக்குப் பக்கத்து அறை, இஸ்திரி மேஜையும் பழைய சைக்கிளும் நானும். நல்ல சாப்பாடு, வேளாவேளைக்கு மாத்திரை, ஜெபா தலை துவட்டிக்கூட விட்டாள். ஒருநாள் குளிக்கப் போனால் குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. ஆணி இருந்த துளைகள் மட்டும். “நீ உள்ள விழுந்துட்டா என்ன செய்யன்னுதான் கழட்டிட்டேன்க்கா,” என்றான் செல்வின். அன்புதான். அன்பு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு காலால் கதவை அடைத்துப் பிடித்துக்கொண்டு மற்றக் காலில் நின்று குளித்தேன். அந்த நாட்களில் என் முதுகு முழுவதும் கண்ணாக இருந்தது, கதவுப் பக்கம் ஓர் அசைவு வந்தால் தண்ணீருக்குள்ளும் தெரியும். இங்கே வந்து என் குளியலறையில் தாழ்ப்பாளைப் போட்டபோது அந்தச் சத்தத்தில் தோள் இறங்கியது. நான் தோளைத் தூக்கிக்கொண்டிருந்தேன் என்பதே இறங்கியபோதுதான் தெரிந்தது.

டப்பா. மூடி இறுக்கம், திறக்கும்போது முத்தம் கொடுக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். இந்த வீட்டில் அந்தச் சத்தம் ஒரே டப்பாவுக்குத்தான். மூக்குக்கு நேரே வருகிறது. எரியவில்லை, குளிரவில்லை, ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை நீளமாக உள்ளே இழுக்கிறேன், முகத்தில் கொஞ்சம் இன்பத்தையும் வரவழைத்துக்கொள்கிறேன். “காபித்தூள். பழசு. நாளைக்கு வாங்கணும்.”

“பழசுன்னு வேற சொல்லுதாவ!” என்று ஜெபா சிரித்தாள்.

செல்வின் சிரிக்கவில்லை. “சத்தம் போடாம எடுட்டி. அவ காதுல கேட்டுச் சொல்லுதா. எக்ஸ்சேஞ்சு காதுல்லா அது.”

“உனக்குப் பொறாமைல,” என்றேன். “சின்னதுல பரீட்சையில பக்கத்துப் பையனைப் பாத்து எழுதுனவன்தானே நீ.”

“அதான் எனக்குத் தெரியுது,” என்றான்.

உள்ளங்கை ஈரமாகிவிட்டது. காபியின் மணத்தை நினைக்கப் பார்க்கிறேன். காபி மணம் என்ற சொல் வருகிறது, டம்ளர் வருகிறது, நுரை வருகிறது, டம்ளரைப் பிடிக்கிற சூடு விரலில் வருகிறது, எக்ஸ்சேஞ்சு கேன்டீனில் ஜன்னலோரம் நின்று குடித்த மழைநாள் வருகிறது, பக்கத்தில் நின்ற ஆசீர் வருகிறான், கேபிள் பிரிவு ஆசீர், ஈயம் உருக்கிப் பற்றவைத்த வாசனை எப்போதும் அவன் சட்டையில் இருக்கும் என்று எனக்குத் தெரியும், எதற்கு அதைத் தெரிந்து வைத்திருந்தேன் என்பது எனக்கும் அவனுக்கும் மட்டும், அந்த வாசனை இருந்தது என்று தெரியும், ஆனால் அது என்ன என்று கேட்டால் அங்கே ஒரு வெள்ளைக் கட்டம். படத்திலிருந்து ஒருவரைக் கத்தரித்து எடுத்த மாதிரி. குரல்கள் எல்லாம் இருக்கின்றன. செத்துப்போனவர்களின் குரல்கள்கூட மணிமணியாக இருக்கின்றன. மணங்கள் மட்டும் கூட்டாகக் கிளம்பிப் போய்விட்டன, சொல்லிக்கொள்ளாமல். முதலில் அது போனதே தெரியவில்லை. பீரோவுக்கு அடியில் எலி செத்துக் கிடந்திருக்கிறது. பால்காரர் வாசலில் நின்று முகத்தைச் சுளித்தார், சபையின் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்து சீக்கிரமே எழுந்து போனார்கள், நான் எல்லோருக்கும் கேக் கொடுத்தேன். பிறகு பெருக்கும்போது துடைப்பத்தில் அது வந்தது. அன்றிலிருந்து ஒரு பயம் என்னோடு குடியிருக்கிறது. எலி அல்ல. நான். எனக்கு என்னைத் தெரியாது. என் அக்குள், என் வாய், என் தலையணை உறை. காலையும் மாலையும் குளிக்கிறேன், துவைத்ததைத் துவைக்கிறேன், சபையில் ஓரமான பெஞ்சில் ஜன்னலோரமாக உட்கார்கிறேன், யாராவது மூக்கைச் சொறிந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மற்றவர்கள் முகம்தான் என் மூக்கு. ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பார்த்து வாசித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சரி, வாசிக்கிறேன். யாரிடமும் கடன் கேட்கவில்லை, பார்க்கிறேன், அவ்வளவுதான்.

நிசப்தம். கொலுசுச் சத்தமே இல்லை. ஜெபா நகரவில்லை, எனக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள், ஆனால் அவள் கை மேலே போகிறது, வளையல்கள் தலைப்பக்கம் ஒலிக்கின்றன. பிறகு என் மேலுதட்டில் ஈரமாக ஒன்று. சில்லென்று, மெல்லியதாக, நுனி கூர்மையாக. உதட்டுக்கு மேல் இருக்கிற அந்தப் பூனைமயிர்கள் ஒவ்வொன்றின் அடியிலும் ஒருவன் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் போலிருக்கிறது, இத்தனை சின்னதை இத்தனை பேர் சொல்கிறார்கள். ஓர் இதழ், இன்னோர் இதழ், நார், நாரில் சொட்டாமல் நிற்கிற தண்ணீர். பிச்சிப்பூ. காலையில் அவள் தலையில் பார்த்தேன்.

“பிச்சிப்பூ,” என்றேன். சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தோன்றியது. முகர்ந்து பார்க்கச் சொல்கிற பூவை யாரும் உதட்டில் தொட்டுக் காட்டமாட்டார்கள். வெங்காயத்தைத் தொடவில்லை, வினிகரைத் தொடவில்லை. இதைத் தொட்டாள். தொட்டுவிட்டு ஒரு கணம் அப்படியே வைத்திருந்தாள். ஜெபாவுக்குத் தெரியும். எப்போதிலிருந்து தெரியும். எரிவதாகவும் குளிர்வதாகவும் பார்த்துப் பார்த்து எடுத்தது யோசனையில்லாமல் அல்ல, யோசித்துத்தான். டப்பாவைச் சத்தத்தோடு திறந்ததும் அதற்காகத்தான். நான் கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடியைப் பிடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கோவில்பட்டிக்காரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே லைனில் இருந்திருக்கிறாள். தலை துவட்டிவிட்ட கை. மதுரையில் எனக்கு முதலில் சாப்பாடு வைத்து, தின்று முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த கண். இரக்கம் எனக்கு உடம்பில் எங்கே படுகிறது என்று தேடினேன். வயிற்றில், நாலு விரல் ஆழத்தில், பசி மாதிரி. பூவைத் தட்டிவிடலாம் போல இருந்தது. தட்டவில்லை.

“நீ இரு ஜெபா, நான் எடுக்கேன்,” என்றான் செல்வின்.

நாற்காலி முனகியது. அவன் செருப்பைக் கழற்றினான். இந்த வீட்டில் அவன் செருப்பைக் கழற்றியதே இல்லை. பிறகு தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த காற்றாடி நின்றது. கடைசிச் சுற்றுகள், தொய்ந்து, தொய்ந்து, நிற்கிறது. நெற்றியில் இருந்த காற்று போனதும் நெற்றி இருப்பது தெரிகிறது. இவ்வளவு நேரம் அது அங்கே இருந்தது, காற்றும் இருந்தது, இரண்டையும் நான் மறந்திருந்தேன். எப்போதும் இருப்பதை உடம்பு சொல்வதை நிறுத்திவிடுகிறது. கையில் கட்டியிருக்கிற கடிகாரத்தை இப்போது நினைத்ததும்தான் அது மணிக்கட்டுக்குத் திரும்பி வருகிறது. தனியாக இருப்பதும் அப்படித்தான். இத்தனை வருஷம் தனியாக இருந்தேன் என்பது எனக்குத் தெரிந்ததே இல்லை, யாராவது வந்து பரிதாபமாகக் கேட்கும்போதுதான் அது எங்கிருந்தோ வந்து தோளில் உட்காரும், அவர்கள் போனதும் போய்விடும். அவன் வெறுங்காலோடு நடக்கிறான். பாதம் சிமென்டுத் தரையில் ஒட்டி விடுகிற சத்தம். சமையலறை. நிற்கிறான். ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் ஐஸ்காரன் மணி. இசக்கியம்மா வீட்டுச் சேவல். ஃபிரிட்ஜின் முனகல், அதற்கு அடியில் வேறொன்று இருக்கிறதா, இருக்கலாம், துணியை இழுக்கிற மாதிரி மெல்லிய ஒன்று, ஃபிரிட்ஜ் அதை மூடிக்கொள்கிறது. ஜெபாவின் மூச்சு நின்றது. வளையல்கள் அவள் முகத்துக்குப் போயின. சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொள்கிறாள். இன்னொரு கை என் தோளில் விழுந்து அழுத்தியது, ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை.

“சொல்லுக்கா,” என்றான் செல்வின், சமையலறை வாசலிலிருந்து. “இப்ப என்ன மணக்கு?”

சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் முடிந்தது, காலிப் பைகள் காலியாகவே போகும், வாயைத் திறக்கமாட்டேன் என்றானே, திறக்கமாட்டான், அவன் சொன்னால் சொன்னதுதான். தாழ்ப்பாள் எனக்கு. வாசல் சாவி எனக்கு. மழை வருகிற நாளில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நனைவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறது நான். பிறகு அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவன் வருவான், நான் கருவாட்டு மணத்தைப் பற்றிப் பேசவேண்டும். அதற்கடுத்த வருஷமும். ஒவ்வொரு முறையும் நீளமாக மூச்சை இழுத்து முகத்தில் இன்பத்தை வரவழைக்க வேண்டும். ஜெபா பக்கத்தில் நின்று தோளை அழுத்துவாள். நான் கதவைக் காலால் அடைத்துப் பிடித்துக்கொண்டு மற்றக் காலில் நிற்பேன், என் வீட்டிலேயே. இந்த நேரத்தில் எனக்குள் சூடாக எழும்பி வந்தது பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். நெஞ்சு அடிப்பது பயத்திலும் அப்படித்தான், உள்ளங்கை வேர்ப்பதும் அப்படித்தான். ஆனால் பயத்தில் நான் சின்னதாவேன். இது என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டது. ஜெபாவின் கையைத் தோளிலிருந்து எடுத்து அவளிடமே கொடுத்தேன். துவாலையை அவிழ்த்தேன். வெளிச்சம் ஊசியாக வந்து விழுந்தது.

“கேஸு,” என்றேன்.

செல்வினின் முகம் தொங்கியது. பரீட்சையில் நான் ஜெயித்துவிட்டதில் அவனுக்கு நிம்மதியா ஏமாற்றமா என்று அவனுக்கே தெரியவில்லை.

“ஆனா மணத்துல சொல்லலைல. நீ செருப்பைக் கழட்டுன, காத்தாடிய அமத்துன, இவ மூக்கைப் பொத்துனா. அதுல சொன்னேன். வெங்காயம் கண்ணெரிச்சல். காபித்தூளு டப்பா சத்தம். பிச்சிப்பூவ உன் பெண்டாட்டி என் உதட்டுல தொட்டுக் காட்டுனா. எனக்கு மணமே கிடையாது. காய்ச்சல்ல போனது போனதுதான். திரும்பி வரல. உங்கிட்ட வந்துட்டுன்னு சொன்னது பொய்யி.”

“மைனி…” என்றாள் ஜெபா.

“நீ சும்மா இருட்டி. பாவம் பாத்தது போதும்.”

“அப்ப கெளம்பு,” என்றான் செல்வின். அவன் குரல் ஏறிவிட்டது. “நீயே சொல்லிட்ட. பந்தயம் பந்தயம்தான். மொதல்ல இந்த எழவு நாத்தம் போகட்டும்,” என்று சொல்லிக்கொண்டே காற்றாடி சுவிட்சுக்குக் கையை நீட்டினான்.

“தொடாதல!”

நான் அப்படிக் கத்தி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஐஸ்காரன்கூட மணியை நிறுத்தியிருப்பான். செல்வினின் கை அந்தரத்தில் நின்றது.

“கேஸைத் தொறந்துவிட்டுட்டு சுவிட்சைப் போடுவியா? ஒரு பொறி போதும், நம்ம மூணு பேரையும் சேத்து ஒரே பெட்டியில வச்சுக் கொண்டுபோவான். உனக்கு மூக்கு இருக்கு, நல்லா இருக்கு, அத வச்சு என்ன செய்த?” நான் சமையலறைக்குள் போய்க் குமிழை மூடினேன், சிலிண்டரிலும் மூடினேன், ஜன்னலைத் திறந்தேன், கொல்லைக் கதவைத் திறந்தேன். என்னைக் கொல்லக்கூடியது மறுபடியும் அதே வெயிலில் நின்றுகொண்டிருந்தது. இந்தமுறை எனக்கு அது நிற்கிறது என்று தெரியும். மூக்கு சொல்லாவிட்டால் என்ன. “அந்த ஓரத்துல போயி நில்லு,” என்றேன் தம்பியைப் பார்த்து. அவன் போய் நின்றான். கொல்லையில் துணி காயும் கொடிக்கு அடியில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம், வீடு தன்னைக் காலி செய்துகொள்ளும்வரை.

“நான் வரல,” என்றேன். “பந்தயத்துல தோத்தேன், ஒத்துக்கிடுதேன். ஆனா வரல.”

“இது என்ன நியாயம்க்கா?”

“நியாயமெல்லாம் இல்ல. வரல. அவ்வளவுதான்.”

“செத்துப்போவ.”

“எல்லாரும்தான். நாளைக்குக் காலையில இந்த அடுப்பைக் கொண்டுபோயி இசக்கியம்மாவுக்குக் கொடுக்கப்போறேன். கரண்டு அடுப்பு வாங்குதேன். தீயே கிடையாது, கேஸே கிடையாது. உனக்கு ராத்திரி தூக்கம் வரும்.”

அவன் கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் கயிற்றில் என் கையை வைத்தபோது அவன் கை நடுங்குவது கயிறு வழியாக எனக்கு வந்தது. கோபமில்லை, அது வேறு நடுக்கம். இவன் பயந்துபோயிருக்கிறான். போன வாரத்திலிருந்து பயந்துகொண்டே இருந்திருக்கிறான், அந்தப் பயத்தைப் பைகளாக மடித்துக் காரில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். தெரிந்தது. தெரிந்ததற்காக நான் மதுரைக்குப் போகமுடியாது.

“அடுப்ப மாத்திருவ,” என்றான். குரல் இறங்கியிருந்தது. “கெட்டுப்போனதத் தின்னுட்டுக் கிடந்தா? யாரு சொல்லுவா உனக்கு? பாலு திரிஞ்சிருந்தா? குழம்பு ஊசிப்போயிருந்தா? நாக்குலயும் ஒண்ணும் தெரியாதுல்ல உனக்கு.”

“உப்பு தெரியும். புளிப்பு தெரியும். காரம் உன்னைவிட நல்லாத் தெரியும்.”

“ஊசிப்போனது தெரியுமா?”

 அவன் கேட்டது சரி. சரியான கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பதால் நான் தவறு என்று ஆகிவிடாது.  ஜெபா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் இன்னும் எரியுது என்றாள், யாரும் கேட்காமலே. பிறகு உள்ளே போய் மூச்சை இழுத்துப் பார்த்து, “போயிட்டு மைனி, சுத்தமா இல்ல,” என்றாள். எனக்கு, உள்ளே கேஸ் இருந்ததும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். அவள் சொன்னதை எடுத்துக்கொண்டேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். காலையில் ஆராதனைக்குப் போகுமுன் வடித்த சோறு ஆறிப் போயிருந்தது, யாரும் அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லவில்லை. செல்வின் தட்டைப் பார்த்தபடி, மாடிப்படி அறைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த கதையைச் சொன்னான், யாருக்காக அடித்தேன் என்று சொல்லாமல். ஜன்னலைப் பெரிதாக்கியிருக்கிறானாம். தாழ்ப்பாளைப் பற்றி அவன் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. ஜெபா நடுவில் புகுந்து, இவிய சுண்ணாம்பு அடிச்ச லெச்சணத்த வந்து பாருங்க மைனி, பாதி தரையிலதான் என்றாள். அவன் அவளை முறைத்தான். நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்துத் தொலைத்தான், சிரித்ததற்காக உடனே கோபப்பட்டான். “சிரி, சிரி. அடுத்த மாசம் வருவேன், அந்தக் கேஸு அடுப்பு இங்க இருந்துச்சோ…” “இருந்தா என்னல செய்வ, கண்ணைக் கட்டுவியா?” என்றேன்.

நேற்று வைத்த மீன்குழம்புச் சட்டியை எடுத்தேன். வாளை. மூடியைத் திறந்தேன். எண்ணெய் சிவப்பாக மேலே மிதந்தது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அகப்பையை விட்டுக் கலக்கினேன். ஜெபா சுண்ணாம்பு வாளி கவிழ்ந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள், வாளி உருண்டு படியில் இறங்கிய சத்தத்தையும் வாயால் செய்துகாட்டினாள். நான் சட்டியை அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன். அவள் பேச்சை நிறுத்தாமலே குனிந்து ஒரு மூச்சு இழுத்தாள், சரி என்று தலையை ஆட்டினாள், வாளி இரண்டாவது படிக்கு வந்தது. நான் செல்வின் தட்டில் குழம்பை ஊற்றினேன்.